கமடோர் 64: வன்பொருள் பதிப்புகளை ஒப்பிட்டு அறிவதற்கான முழுமையான வழிகாட்டி

கமடோர் 64 கணினி 1982 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. 1994 ஏப்ரலில் நிறுவனம் திவாலாகும் வரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அதே பெயரில், அதே 64 கிலோபைட் நினைவகத்துடன், அதே பேசிக் மொழியுடன் அது விற்கப்பட்டது. ஆனால் பெட்டிக்குள் இருந்த போர்டு (சிப்புகள் பொருத்தப்பட்ட மின்சுற்றுப் பலகை) பலமுறை புதிதாக வரையப்பட்டது. எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தை கமடோர் 1976-லேயே வாங்கிவிட்டதால், தனக்கு வேண்டிய சிப்புகளைத் தானே சுருக்கவும், பல சிப்புகளின் வேலையை ஒன்றுக்குள் அடக்கவும், ஒவ்வொரு சுற்றிலும் உற்பத்திச் செலவைக் குறைக்கவும் அதனால் முடிந்தது. ஒரே பெயருடைய இரண்டு கணினிகள் ஒரே நிரலை வெவ்வேறு ஒலியுடனும் வெவ்வேறு நிறச்சாயலுடனும் இயக்குவதற்கு இதுவே காரணம்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையான ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கமடோர் 64-இன் பதிப்பு என்பது ஓர் எண்ணில் அடங்கிவிடுவது அன்று. வெளிக்கூடு, போர்டு, சிப்புகள், ரோம் (மாறாத நிரல்கள் பதிந்த சிப்), தொலைக்காட்சித் தரம் ஆகிய ஐந்தும் தனித்தனியாக, வெவ்வேறு காலங்களில் மாறின. "என்னிடம் இருப்பது பழைய மாடல்" என்று ஒருவர் சொன்னால், இந்த ஐந்தில் எது பழையது என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்காது. எனவே இரண்டு கணினிகளை ஒப்பிடும்போது ஐந்தையும் தனித்தனியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 1: மின்சாரம் கொடுப்பதற்கு முன்

ஒப்பீட்டுக்காக எடுத்த கணினி ஒப்பீட்டிலேயே இறந்துவிடக் கூடாது. கமடோர் 64-உடன் வந்த பழைய பவர் சப்ளை 5 வோல்ட் நேர்மின்சாரத்தையும் 9 வோல்ட் மாறுமின்சாரத்தையும் தருகிறது. அவற்றுள் பல உள்ளே எபாக்சி ஊற்றி மூடப்பட்டவை. வெப்பம் வெளியேற வழியில்லை, பழுது பார்க்கவும் முடியாது. அதிலுள்ள ரெகுலேட்டர் பழுதடைந்தால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதைவிடக் கூடுதலான அழுத்தம் வந்து, முதலில் நினைவக சிப்புகளைக் கொன்றுவிடும்.

ஆகவே கணினியில் செருகுவதற்கு முன், ஏழு முனை கொண்ட வட்ட பிளக்கில் 2-ஆம் முனைக்கும் 5-ஆம் முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருந்தால் தொடரலாம். ஆனால் இந்தப் பவர் சப்ளை எந்த நாளும் பழுதாகலாம் என்பதால், இன்று சரியாக இருந்தது நாளைக்கும் உத்தரவாதம் ஆகாது. பழைய பவர் சப்ளையைக் காட்சிப் பொருளாக வைத்துவிட்டு, புதிதாகச் செய்யப்பட்ட நம்பகமான ஒன்றைப் பயன்படுத்துவதே என் உறுதியான பரிந்துரை.

படி 2: வெளித்தோற்றத்தைக் குறித்துக்கொள்ளுதல், ஆனால் அதை நம்பாதிருத்தல்

முதலில் வந்த பழுப்பு நிற, வளைந்த முதுகுடைய கூட்டை ரசிகர்கள் 'பிரெட்பின்' என்று அழைக்கிறார்கள். 1986-இல் தட்டையான, வெளிர் நிறக் கூடு 64சி என்ற பெயரில் வந்தது. தட்டைக் கூடு என்றால் புதிய போர்டு, வளைந்த கூடு என்றால் பழைய போர்டு என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. தொடக்க கால 64சி கணினிகள் சிலவற்றில் பழைய நீளமான போர்டே இருக்கிறது. மாறாக, 1987-இல் ஜெர்மனியில் ஆல்டி கடைகளில் விற்ற வளைந்த கூட்டுக் கணினிகளிலும், பின்னர் வந்த 64ஜி கணினிகளிலும் புதிய குட்டைப் போர்டு இருக்கிறது.

வெளியிலிருந்து கிடைக்கும் நல்ல தடயம் ஒன்றே ஒன்று: பின்புறத்திலுள்ள வீடியோ இணைப்பான். அதில் ஐந்து துளைகள் மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது மிகப் பழைய போர்டு. பின்னர் வந்தவற்றில் எட்டுத் துளைகள் உண்டு. அவற்றில் 6-ஆம் முனையில் நிறக் குறிகை தனியாக வருவதால் ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்து எடுத்துத் தெளிவான படம் பெறலாம். படத்தின் தரத்தை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், வீடியோ சிப்பின் மீது போடவேண்டாத பழியைப் போட்டுவிடுவோம்.

படி 3: திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகள்

திருகாணியைத் தொடாமலேயே, பேசிக் கட்டளைகள் சிலவற்றால் பெரும்பாலான விவரங்களைப் பெற முடியும். இது இந்தக் கணினியின் பெரிய அழகு. கட்டளைகளை இங்கே ஒலிபெயர்ப்பில் தருகிறேன். கணினியில் அவற்றின் மூல எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் ரோம். "பிரிண்ட் பீக்(65408)" என்று கொடுங்கள். கெர்னல் என்பது கணினியின் அடிப்படை வேலைகளைச் செய்யும், ரோமில் பதிந்த நிரல். 170 என்று வந்தால் முதல் கெர்னல், 0 என்றால் இரண்டாவது, 3 என்றால் மூன்றாவது. சிப்பின் மேல் முறையே 901227-01, 901227-02, 901227-03 என்று அச்சிடப்பட்டிருக்கும். வேறு எண் வந்தால் அந்த ரோமுக்குப் பதிலாக வேறொன்று பொருத்தப்பட்டிருக்கலாம் என்று கொள்ளுங்கள்.

எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்த மூன்றின் நடத்தை எப்படி வேறுபடுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது பயனுள்ளது. ஷிஃப்ட் விசையுடன் கிளியர்-ஹோம் விசையை அழுத்தித் திரையைத் துடைத்துவிட்டு, "போக் 1524,1" என்று கொடுங்கள். 1524 என்பது திரையின் நடுப்பகுதியில் உள்ள ஓர் இடம். அங்கே 'ஏ' எழுத்தை நேரடியாக வைக்கிறோம். முதல் கெர்னல் திரையைத் துடைக்கும்போது நிற நினைவகம் முழுவதையும் வெள்ளையாக்குகிறது, எனவே எழுத்து வெள்ளையாகத் தெரியும். இரண்டாவது கெர்னல் அதைப் பின்னணி நிறத்தால் நிரப்புகிறது. நீலத்தின் மேல் நீலமாக எழுத்து கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது, கர்சரின் அப்போதைய நிறத்தால் நிரப்புவதால் வெளிர்நீல எழுத்து தெரியும். திரையின் மேல் வரிசையில் இதைச் செய்யாதீர்கள்; நீங்கள் தட்டச்சு செய்த எழுத்துகள் அங்குள்ள நிறத்தை ஏற்கனவே மாற்றியிருக்கும். பழைய இதழ்களில் வந்த நிரல்கள் சில கணினிகளில் வெற்றுத் திரையையே காட்டியதற்கு இந்தச் சிறு மாற்றம் ஒரு காரணம்.

அடுத்தது தொலைக்காட்சித் தரம். "பிரிண்ட் பீக்(678)" என்பதற்கு 0 வந்தால் வட அமெரிக்கத் தரமான என்டிஎஸ்சி, 1 வந்தால் ஐரோப்பாவில் பரவலான பிஏஎல். முதல் கெர்னலில் இந்தத் தரத்தைக் கண்டறியும் பகுதியே இல்லை. அதில் இந்த எண்ணை நம்பக் கூடாது. இரண்டு தரங்களுக்கும் இடையிலான வேறுபாடு படத்தோடு முடிவதில்லை. பிஏஎல் கணினியின் செயலி நொடிக்கு 985248 துடிப்புகளிலும், என்டிஎஸ்சி கணினியின் செயலி 1022727 துடிப்புகளிலும் ஓடுகிறது. ஒரே இசை நிரல் இரண்டிலும் வெவ்வேறு சுருதியில் ஒலிப்பது இதனால்தான். தரம் வேறான இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு ஒலி சிப்புகளை ஒப்பிட முயல்வது வீண் வேலை.

இனி ஒலி. பாப் யானிஸ் வடிவமைத்த சிட் சிப் 6581 என்றும், பின்னாளில் 8580 என்றும் இரு வகையில் வந்தது. 6581-இல் ஒலியளவுப் பதிவேட்டை மாற்றும்போதெல்லாம் வெளியீட்டில் ஒரு மின்னழுத்தத் தாவல் ஏற்படுகிறது. பேச்சையும் முரசொலியையும் பதிவு செய்து ஒலிக்கவைத்த பழைய நிரல்கள் இந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டன. 8580-இல் இந்தத் தாவல் பெரிதும் குறைக்கப்பட்டதால், அதே நிரல்களில் பேச்சு மிக மெல்லியதாகக் கேட்கிறது. சோதிப்பதற்கு, "ஃபார் ஐ=1 டு 200 : போக் 54296,15 : போக் 54296,0 : நெக்ஸ்ட்" என்ற ஒற்றை வரி போதும். உரத்த படபடப்பு கேட்டால் 6581. காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தால் 8580. முந்தைய உரிமையாளர் யாராவது மின்தடை ஒன்றைச் சேர்த்து 8580-இன் இந்த ஒலியை உரக்கச் செய்திருக்கலாம் என்பதால், பின்னர் பெட்டியைத் திறக்கும்போது சிட் சிப்பைச் சுற்றிக் கையால் வைத்த சால்டர் தெரிகிறதா என்று பாருங்கள்.

வீடியோ சிப்புக்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது: "10 போக் 53281,6 : கோடூ 10" என்று எழுதி ரன் கொடுங்கள். பின்னணி நிறத்தை அதே நீலமாகத் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். திரையில் எதுவும் மாறக் கூடாது. பழைய பிஏஎல் வீடியோ சிப்பான 6569-இல் உண்மையிலேயே எதுவும் மாறாது. பிற்கால 8565-இல், எழுதும் ஒவ்வொரு கணத்திலும் ஒரு சாம்பல் புள்ளி தோன்றி மறையும். திரையில் சிறு புள்ளிகள் மினுங்கும். இது அந்தச் சிப்பின் இயல்பு, பழுது அன்று.

இரண்டாவது சோதனை, 6569-இன் மிகப் பழைய ஆர்1 வடிவத்தைக் கண்டுபிடிக்க உதவும். ஆர்1 சிப்புக்கு ஐந்து ஒளிர்வு நிலைகள் மட்டுமே உண்டு. பின்னர் வந்தவற்றுக்கு ஒன்பது. "ஃபார் ஐ=0 டு 15 : போக் 1524+ஐ,160 : போக் 55796+ஐ,ஐ : நெக்ஸ்ட்" என்று கொடுத்தால் பதினாறு நிறங்களும் நீலப் பின்னணியில் பக்கத்துப் பக்கத்தில் சிறு கட்டங்களாக நிற்கும். இப்போது திரையின் நிற அளவைச் சுழியத்துக்குக் குறைத்துக் கறுப்பு-வெள்ளைப் படமாக்குங்கள். ஒன்பது நிலைச் சிப்பில், பழுப்புக் கட்டம் நீலத்தோடு கலந்து காணாமற்போகும். சிவப்பும் கருஞ்சாம்பலும் தனியாகத் தெரியும். ஆர்1-இல் சிவப்பு, பழுப்பு, கருஞ்சாம்பல் மூன்றுமே பின்னணியில் கரைந்துவிடும். அதோடு, அடுத்தடுத்து நிற்கும் ஊதாவும் பச்சையும் ஆர்1-இல் ஒரே சாயலாக ஒட்டிக்கொள்ளும். புதியதில் பச்சை தெளிவாகக் கூடுதல் வெளிச்சத்துடன் இருக்கும். கறுப்பு-வெள்ளைத் திரைகளுக்கு வரைந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்பது இதைப் பார்த்தவுடன் விளங்கும்.

படி 4: பெட்டியைத் திறத்தல்

மின்சாரத்தைத் துண்டித்து எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். அடிப்பகுதியின் முன்விளிம்பில் உள்ள மூன்று திருகாணிகளை எடுத்தால் மேற்கூடு பின்னோக்கித் திறக்கும். விசைப்பலகையின் பட்டைக் கம்பியும் விளக்கின் சிறு இணைப்பும் போர்டோடு பிணைந்திருப்பதால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பழைய கணினிகள் பலவற்றில் போர்டை மூடியபடி அலுமினியப் பூச்சுள்ள ஓர் அட்டை இருக்கும். அது வெப்பத்தைச் சிறைப்பிடிக்கிறது. 64சி கணினிகளில் அதற்குப் பதிலாக உலோகத் தகடு இருப்பதுண்டு. அதன் விரல்கள் சிப்புகளைத் தொட்டு வெப்பத்தை உறிஞ்சுவதால், கழற்றினால் திரும்பப் பொருத்திவிடுங்கள்.

படி 5: போர்டு எண்ணைப் படித்தல்

போர்டின் மேல் அச்சிடப்பட்ட ஆறிலக்க எண்தான் முதன்மைச் சான்று. 326298 என்பது 1982-இன் முதல் போர்டு; ஐந்து துளை வீடியோ இணைப்பான் இதற்குரியது. 250407 எட்டுத் துளை இணைப்பானுடன் வந்தது. இவை இரண்டிலும் கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் சுற்று பல சிறு சிப்புகளால் கட்டப்பட்டது. 250425-இல் அந்த வேலையை 8701 என்ற ஒற்றைச் சிப் ஏற்றுக்கொண்டது. இம்மூன்றிலும் நினைவகம் 4164 வகைச் சிப்புகள் எட்டு வரிசையாக நிற்பதாக இருக்கும். 250466-இல் அந்த எட்டுக்குப் பதில் 41464 வகைச் சிப்புகள் இரண்டு மட்டுமே. போர்டில் திடீரென்று வெற்றிடம் தெரிவதால் இதை எட்ட நின்றே அடையாளம் காணலாம்.

250469 முற்றிலும் வேறு தலைமுறை. போர்டே குட்டையாகிவிட்டது. எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதிலளிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப்பும் அதைச் சுற்றியிருந்த சிறு தர்க்கச் சிப்புகளும் 64 கால்கள் கொண்ட ஒரே சிப்புக்குள் போயின. பின்வந்த வடிவங்களில் நிற நினைவகமும் அதற்குள்ளேயே அடங்கியது. பேசிக்குக்கும் கெர்னலுக்கும் தனித்தனியே இருந்த இரு ரோம்கள் 251913-01 என்ற ஒரே 16 கிலோபைட் ரோமாயின. செயலி 6510-இலிருந்து 8500-ஆகவும், வீடியோ சிப் 6569-இலிருந்து 8565-ஆகவும், ஒலி சிப் 6581-இலிருந்து 8580-ஆகவும் மாறின. புதிய சிப்புகள் எச்மாஸ்-2 என்ற பிந்திய சிப் உற்பத்தி முறையில் செய்யப்பட்டவை. வெப்பம் குறைவு, ஆயுளும் பொதுவாகக் கூடுதல்.

எது சிறந்தது என்ற கேள்விக்கு என் கருத்து இது: பழுதில்லாமல் தினமும் ஓட ஒரு கணினி வேண்டுமென்றால் 250469, 1980-களின் முற்பாதியில் எழுதப்பட்ட நிரல்களை அவற்றை எழுதியவர் கேட்ட ஒலியிலேயே கேட்க வேண்டுமென்றால் 250425 அல்லது 250466. 326298-ஐ வரலாற்றுக்காகப் பாதுகாக்கலாம். அதன் படத்தரத்தை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

படி 6: சிப்புகளின் தேதிகளைப் படித்தல்

ஒவ்வொரு சிப்பின் மீதும் நான்கிலக்கத் தேதிக் குறி உண்டு. எம்ஓஎஸ் சிப்புகளில் பெரும்பாலும் வாரம் முதலிலும் ஆண்டு பின்னாலும் வரும். பிற நிறுவனங்களின் சிப்புகளில் ஆண்டு முதலில் வரும். சிட் சிப்பில் 3784 என்று இருந்தால் அது 1984-ஆம் ஆண்டின் 37-ஆம் வாரம். பக்கத்தில் உள்ள நினைவகச் சிப்பில் 8437 என்று இருந்தால் அதுவும் அதே வாரம்தான். போர்டில் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்ட சிப்புகளில் மிகப் பிந்திய தேதி எதுவோ, அதற்கு முன்னால் அந்தக் கணினி கூட்டப்பட்டிருக்க முடியாது. சாக்கெட்டில் செருகப்பட்டவற்றை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்பதால் அவற்றின் தேதி இந்தக் கணக்கில் சேராது. மற்றவற்றைவிட மூன்று நான்கு ஆண்டுகள் பிந்திய தேதியுடன் ஒரு சிட் சிப் சாக்கெட்டில் இருந்தால், அது பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது வந்தது என்று கொள்ளலாம். சிப்பின் மேற்பரப்பு வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு எழுத்து புதிதாக அச்சிட்டது போல் தெரிந்தால், அந்த எண்ணை நம்பாமல் படி 3-இன் சோதனைகளை நம்புங்கள்.

இந்தக் கட்டத்தில் பழுதுக்குப் பேர்போன உறுப்புகளையும் குறித்துக்கொள்ளலாம். எம்டி என்ற முத்திரையுள்ள நினைவகச் சிப்புகள், எம்ஓஎஸ் தானே செய்த பிஎல்ஏ, எம்ஓஎஸ் முத்திரையோடு 77 என்று தொடங்கும் எண்ணுள்ள சிறு தர்க்கச் சிப்புகள் ஆகியவை மற்றவற்றைவிட அதிகம் கைவிடுகின்றன.

படி 7: ஒரே நிலைமையில் ஒப்பிடுதல்

இரண்டு கணினிகளையும் அடையாளம் கண்டபின், ஒரே திரை, ஒரே கம்பி, ஒரே பவர் சப்ளை, ஒரே நிரல் என்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செருகி ஒப்பிடுங்கள். அணைத்தபின் சிறிது நேரம் விட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடேறிய பிறகு ஒலியைக் கேளுங்கள்.

ஒலி வடிகட்டியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. 6581 சிப்பின் வடிகட்டி ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் கணிசமாக வேறுபடும். ஒரே பதிப்பு எண்ணுள்ள இரண்டு சிப்புகளில் ஒன்றில் கம்மிய குரலும் மற்றொன்றில் தெளிவான குரலும் வரக்கூடும். எனவே ஒரேயொரு 6581-ஐக் கேட்டுவிட்டு "6581 இப்படித்தான் ஒலிக்கும்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். 8580 சிப்புகள் தமக்குள் பெரிதும் ஒத்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்ட நல்ல வழி, ரம்ப அலையையும் துடிப்பு அலையையும் ஒரே குரலில் சேர்த்து ஒலிக்கவைப்பது: 8580-இல் அது நன்றாகக் கேட்கும், 6581-இல் ஏறக்குறைய மௌனமாகிவிடும்.

நேரக் கணக்கில் நுணுக்கமான நிரல்களை ஒப்பிடுவோருக்கு இரண்டு செய்திகள். பிஏஎல் சிப்பான 6569, ஒரு வரிக்கு 63 கடிகாரச் சுழற்சிகளாக 312 வரிகள் வரைகிறது. என்டிஎஸ்சி 6567-இன் தொடக்க வடிவமான ஆர்56ஏ, வரிக்கு 64 சுழற்சிகளாக 262 வரிகள். அதன் பிந்திய ஆர்8, 65 சுழற்சிகளாக 263 வரிகள். ஆர்8-க்கு எழுதிய நிரல் ஆர்56ஏ-இல் வரிக்கு ஒரு சுழற்சி தவறுவதால் படம் கலைகிறது. அதேபோல, டைமர்களையும் உள்ளீடு-வெளியீட்டையும் கவனிக்கும் பழைய 6526 சிப்பு டைமர் குறுக்கீட்டைப் (செயலியை இடைமறிக்கும் குறிகையைப்) பிந்தைய 6526ஏ, 8521 ஆகியவற்றைவிட ஒரு சுழற்சி தாமதமாக எழுப்புகிறது. ஒரு காட்சி நிரல் ஒரு கணினியில் சுத்தமாகவும் இன்னொன்றில் ஓரத்தில் நடுங்கியும் ஓடினால், பழுது என்று முடிவுசெய்யும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

படி 8: சிப்புகளை இடம் மாற்றிப் பார்க்க நினைத்தால்

ஒப்பீட்டில் ஈடுபடும் எவருக்கும், ஒரு கணினியின் சிப்பை மற்றதில் செருகிப் பார்க்கும் ஆசை வரும். இங்கேதான் அரிய சிப்புகள் அழிகின்றன. 6581-க்கு 12 வோல்ட் வேண்டும். 8580-க்கு 9 வோல்ட். கால்கள் பொருந்துகின்றன என்பதற்காக 8580-ஐப் பழைய போர்டில் செருகினால் அது எரிந்துபோகும். வடிகட்டி மின்தேக்கிகளும் வேறு: 6581-க்கு வழக்கமாக 470 பிகோஃபாரட், 8580-க்கு 22 நானோஃபாரட். 6582 என்ற எண்ணைக் கண்டு அது 6581-இன் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். மின்சாரத் தேவையில் அது 8580-ஐச் சேர்ந்தது. ஐயமிருந்தால் சிப்பைக் கழற்றிவிட்டு, காலியான சாக்கெட்டில் 28-ஆம் முனைக்கும் 14-ஆம் முனைக்கும் இடையே அளந்தால் போர்டு எந்த அழுத்தத்தைத் தருகிறது என்று உடனே தெரியும்.

வீடியோ சிப்புக்கும் இதே விதி. 6569-க்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தேவை. 8565 வெறும் 5 வோல்ட்டில் இயங்குவது. இரண்டையும் இடம் மாற்றக் கூடாது. காலியான வீடியோ சாக்கெட்டின் 13-ஆம் முனைக்கும் 20-ஆம் முனைக்கும் இடையே அளந்து உறுதி செய்யலாம். 16 கிலோபைட் ரோமும் 64 கால் சிப்பும் பழைய போர்டில் பொருந்தவே பொருந்தா. தயக்கமின்றி மாற்றிப் பார்க்கக்கூடியவை இரண்டு மட்டுமே: 6510-உம் 8500-உம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யும், 6526-உம் 8521-உம் அப்படியே, மேலே சொன்ன ஒரு சுழற்சி வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால்.